சினமும் சபையும்: தமிழரிடையே இறைநம்பிக்கையாளர், இறைமறுப்பாளர் வாதங்களின் வரலாறு

முன்னுரை

மணிமேகலைக் காப்பியத்தின் முதற் காதையில், புகார் நகரில் இந்திர விழா தொடங்கவிருப்பதை ஒருவன் முரசறைந்து அறிவிக்கிறான். தோரணம் கட்டுதல், புதுமணல் பரப்புதல் ஆகியவற்றோடு அவனது அறிவிப்பு நின்றுவிடவில்லை. தத்தம் சமயப் பொருளை நிலைநாட்ட விரும்பும் வாதிகள் பட்டிமண்டபத்தின் முறையறிந்து அதில் ஏறவேண்டும் என்றும், மாற்றாரோடு கூடப் பகையும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லவேண்டும் என்றும் அவன் நகர மாந்தரை வேண்டுகிறான்.

இவ்வறிவிப்பு இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. சமய வாதம் சினத்தில் முடியக்கூடும் என்பதை அக்காலச் சமுதாயம் நன்கு அறிந்திருந்தது என்பது ஒன்று. அதற்கு மாற்றாக அது வாதத்தைத் தடை செய்யவில்லை. வாதத்திற்கென்று ஓர் இடத்தையும் ஒரு முறையையும் வகுத்தது என்பது மற்றொன்று. சபை என்னும் அமைப்பு சினத்தை அடக்கும் கரையாகக் கருதப்பட்டது என நாம் கொள்ளலாம்.

கடவுளை ஏற்போருக்கும் மறுப்போருக்கும் இடையே தமிழர் வரலாற்றில் நிகழ்ந்த வாதங்களுள், சில நாகரிகமாக நடந்தேறின; சில வசையிலும் வழக்கிலும் முடிந்தன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. கொள்கைப் பிடிப்பின் வன்மையே சினத்திற்குக் காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது நமக்குப் புலப்படுவது வேறு. கடவுள் உண்டா இல்லையா என்னும் வினா தமிழரை அவ்வளவாகச் சினங்கொள்ளச் செய்யவில்லை. தம் மதிப்பு மறுக்கப்பட்டது என்னும் உணர்வே இரு தரப்பாரையும் சினங்கொள்ளச் செய்தது. அந்த உணர்வு மதிக்கப்பட்ட இடங்களில் உரையாடல் நிகழ்ந்தது. மதிக்கப்படாத இடங்களில் பகை வளர்ந்தது. தமிழகச் சான்றுகளோடு மலாயா, சிங்கப்பூர்த் தமிழரின் அனுபவத்தையும் இணைத்து இக்கருத்தை நிறுவ முயல்கிறோம்.

பெயரிலேயே அமைந்த பகை

வாதம் தொடங்கும் முன்பே பகை தொடங்கிவிடுவதற்கு இரு தரப்பாரும் ஒருவரையொருவர் அழைக்கும் பெயர்கள் ஒரு காரணமாகும். 'நாத்திகர்' என்னும் சொல்லை இன்று நாம் கடவுளை மறுப்பவர் என்னும் பொருளில் வழங்குகிறோம். மனுநூலோ வேதத்தை இகழ்பவனையே நாத்திகன் என வரையறுக்கிறது. இவ்வரையறையின்படி, ஒழுக்கத்திலும் தவத்திலும் சிறந்து விளங்கிய சமணரும் பௌத்தரும் நாத்திகராயினர். ஒருவன் எதை நம்புகிறான் என்பதைக் காட்டிலும், அவன் யாருடைய அதிகாரத்தை ஏற்க மறுக்கிறான் என்பதே அச்சொல்லின் தொடக்கப் பொருளாக இருந்தது. எனவே அது விளக்கச் சொல்லாக அன்றி விலக்கும் சொல்லாகவே பிறந்தது எனலாம்.

மறுதரப்பும் இதற்கு விதிவிலக்கன்று. இருபதாம் நூற்றாண்டில் இறைமறுப்பாளர் தமக்குச் சூட்டிக்கொண்ட 'பகுத்தறிவாளர்' என்னும் பெயர், எதிரில் நிற்பவர்க்குப் பகுத்தறிவு இல்லை என்னும் குறிப்பையும் உடன் கொண்டுவந்தது. 'மூடநம்பிக்கை' என்னும் சொல் பேய் ஓட்டுதலையும் சுட்டியது. பாட்டி ஏற்றிவைத்த அகல்விளக்கையும் சுட்டியது. இரண்டையும் பிரித்தறிய அச்சொல் இடந்தரவில்லை. ஆகவே, எதிரெதிரே அமர்ந்த இருவரும் வாய்திறக்கும் முன்னரே ஒருவர் ஒழுக்கமற்றவராகவும் மற்றவர் அறிவற்றவராகவும் பெயரிடப்பட்டிருந்தனர்.

பழந்தமிழ் நூல்கள் காட்டும் மூன்று வழிகள்

கடவுளையும் மறுமையையும் மறுப்போர் பழந்தமிழ் நூல்களில் 'பூதவாதி' எனவும் 'உலோகாயதன்' எனவும் குறிக்கப்பெறுகின்றனர். அவர்களோடு வாதிட்ட முறைகளுள் மூன்று இங்கு நம் கருத்தை ஈர்க்கின்றன.

முதலாவது மணிமேகலை காட்டும் வழி. சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் வஞ்சி மாநகரில் பல சமயத்தாரையும் அணுகும் மணிமேகலை, இறுதியில் பூதவாதியின் கொள்கையையும் கேட்கிறாள். காட்சி ஒன்றே அளவை என்பவனிடம், தன் தாய் தந்தையரை அவன் எவ்வாறு அறிந்தான் என்னும் பொருள்பட ஒரு வினாவைத் தொடுத்து அவள் மறுக்கிறாள். உரையாடலில் கூர்மை உண்டு, எள்ளலும் உண்டு. எனினும் கேட்டல் முதலிலும் மறுத்தல் பின்னரும் நிகழ்வதைக் காண்கிறோம்.

இரண்டாவது நீலகேசி காட்டும் வழி. சமண நூலான நீலகேசியின் பூதவாதச் சருக்கத்தில், ஆவி, பேய் முதலியன இல்லை என்னும் வாதியை நீலகேசி தன் அச்சந்தரும் பேயுருவைக் காட்டி நடுங்கச் செய்கிறாள். வாதத்தால் பெறவேண்டிய உடன்பாடு இங்கு அச்சத்தால் பெறப்படுகிறது. கதை என்னும் அளவில் இது சுவையுடையது. ஆயினும் அஞ்சியவன் ஏற்றுக்கொண்டான் என்பதற்காக அவன் தெளிந்தான் என நாம் கொள்ள இயலாது.

மூன்றாவது வழி சைவ சித்தாந்த மரபில் உருவானது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக அமைந்தது. பரபக்கம் என்பது பிறர் கொள்கையைக் கூறி மறுக்கும் பகுதி. அதில் முதலிடம் பெறுபவன் உலோகாயதனே. அவனுடைய கொள்கை முழுமையாக எடுத்துரைக்கப்பட்ட பின்னரே அதன் மறுப்புத் தொடங்குகிறது. கடவுள் இல்லை என்பாரின் வாதத்தைத் தமிழில் ஒழுங்குறக் கற்க விரும்புவோர், சிவனே முழுமுதல் என நிறுவ எழுந்த ஒரு நூலின் முதற்பக்கங்களைப் புரட்டவேண்டியிருப்பது வியப்புக்குரியது. எதிரியின் கருத்தை அவனே ஒப்புக்கொள்ளும் அளவிற்குச் செம்மையாகச் சொல்லிய பின்னரே மறுக்கவேண்டும் என்னும் இவ்வொழுக்கம், பின்னாளில் இரு தரப்பாராலும் அடிக்கடி மறக்கப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு: சினத்தின் வேர்

அச்சு இயந்திரம் பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாதம் சபையை விட்டு இதழ்களுக்கு இடம் பெயர்ந்தது. இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா 1866இல் நிறுவிய தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தின் தாக்கத்தால் சென்னையில் இலௌகிக சங்கம் தோன்றியது. அச்சங்கத்தார் 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ் இதழை நடத்தினர். சுயமரியாதை இயக்கத்திற்கு ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்கு முன்பே தமிழில் இறைமறுப்புக் கருத்துகள் இதழ்வழிப் பரவின என்பதற்கு இது சான்றாகும்.

இச்சங்கத்தின் சூழலைச் சார்ந்தவர் அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர். இவர் 1882இல் 'இந்துமத ஆசார ஆபாச தரிசினி' என்னும் நூலை வெளியிட்டார். நூலின் பெயரே அதன் சினத்தைப் புலப்படுத்துகிறது. ஆனால் இவர் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, செங்கற்பட்டு வட்டாரத்தில் மிராசுதாரர்களுக்கும் பாயக்காரிகளுக்கும் இடையே எழுந்த நிலவுரிமைச் சிக்கலைப் பற்றி நூல் எழுதியவர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். உழுதவனுக்கு நிலத்தில் உரிமையில்லை என்னும் வழக்கைக் கண்டு பொருமிய ஒருவர், அவ்வழக்கிற்கு அரணாக நின்ற ஆசாரங்களைப் பின்னர்த் தாக்கினார். அவருடைய சினம் வானத்தை நோக்கித் தொடங்கவில்லை, வயலிலிருந்து தொடங்கியது.

இவ்வொரு சான்று நம் கருத்திற்கு அடிப்படையாக அமைகிறது. தமிழகத்து இறைமறுப்பாளரின் கடுஞ்சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நிலமோ, ஒரு தெருவோ, திறக்கப்படாத ஒரு கதவோ இருந்தது.

சுயமரியாதை இயக்கமும் சைவரும்

பெரியார் ஈ. வெ. இராமசாமி 1925 மே 2ஆம் நாள் ஈரோட்டில் 'குடி அரசு' இதழைத் தொடங்கியபோது, அதனைத் தொடங்கிவைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியாரடிகள் என்னும் சைவ மடத் தலைவர். தொடக்கத்தில் இரு தரப்பாரும் பகைவராக இருக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சாதி வேறுபாட்டை ஒழித்தல், தமிழை உயர்த்துதல் ஆகிய நோக்கங்கள் இருவரையும் இணைத்தன.

ஆனால் மூன்றாண்டுகளுக்குள் நிலைமை மாறியது. இயக்கத்தினர் புராணங்களையும் பெரியபுராண அடியார்களையும் கடுமையாகத் திறனாயத் தொடங்கினர். 1928இல் சென்னையில் மறைமலையடிகள் (1876–1950) இயக்கத்தினரைக் கண்டித்து ஆற்றிய உரை பெரும் பூசலை விளைவித்தது. இதழ்களில் இரு தரப்பாரும் கடுஞ்சொற்களைப் பரிமாறிக்கொண்டனர். 1929இல் செங்கற்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடியது. அதே ஆண்டில் திருநெல்வேலியில் சைவர்கள் இயக்கத்தை எதிர்கொள்வது பற்றி ஆராயத் தனிக்கூட்டம் கூட்டினர். எனினும் மறைமலையடிகளும் பெரியாரும் கடிதத் தொடர்பு வாயிலாகத் தம்மிடையே எழுந்த மனத்தாங்கலைத் தணித்துக்கொண்டனர். தொண்டர்களிடையே எரிந்த தீயைத் தலைவர்கள் தம் கடிதங்களால் அவித்தனர் எனலாம்.

பத்தாண்டுகள் கழித்து, சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது (1937–1940), மறைமலையடிகளும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் பெரியாரும் ஒரே அணியில் நின்றனர். திருநீறு அணிந்தவரும் அணியாதவரும் ஒரே காரணத்திற்காகச் சிறை சென்ற காலம் அது. கடவுளைப் பற்றி அவர்களுள் எவரும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஒருவர்மீது மற்றவருக்கு இருந்த மதிப்பு வளர்ந்தது.

அம்மதிப்பின் பயனை 1943இல் காண்கிறோம். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்கவேண்டும் என்று இயக்கத்தினர் முழங்கிய நேரம் அது. இதனினும் சினத்தைத் தூண்டவல்ல ஒரு பொருள் தமிழறிஞர்க்கு இருக்கமுடியாது. ஆயினும் அப்பொருள்மீது இரண்டு சொற்போர்கள் ஒழுங்குற நடந்தன. 1943 பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைச் சட்டக் கல்லூரியில் சி. என். அண்ணாதுரையும் பேராசிரியர் இரா. பி. சேதுப்பிள்ளையும் வாதிட்டனர். இந்து அறநிலைய நிருவாகத்தில் பொறுப்பு வகித்த தமிழறிஞர் கோவைகிழார் இராமச்சந்திரஞ் செட்டியார் தலைமை தாங்கினார். மார்ச் 14ஆம் நாள் சேலத்தில் அண்ணாதுரையும் சோமசுந்தர பாரதியாரும் வாதிட்டனர். சேலம் கல்லூரி முதல்வர் இராமசாமிக் கவுண்டர் தலைமை ஏற்றார். அண்ணாதுரை தரப்பு உரைகள் பின்னர்த் 'தீ பரவட்டும்' என்னும் பெயரில் நூலாயின.

நூலின் தலைப்பில் தீ உள்ளது. சபையில் தீ மூளவில்லை. இதற்கு மூன்று காரணங்களை நாம் சுட்டலாம். முதலாவது, தலைவர் ஒருவர் இருந்தார். அவர் கோயில் நிருவாகத்தோடு தொடர்புடையவராக இருந்தும் இறைமறுப்பு இயக்கத்தாருக்கு உரிய நேரத்தை அளித்தார். இரண்டாவது, வாதப்பொருள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தது. மூன்றாவதும் முதன்மையானதுமான காரணம், வாதிட்டவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் என்பதாகும். இந்தி எதிர்ப்புக் களத்தில் உடன்நின்ற பாரதியாரை அண்ணாதுரை பகைவராகக் கருத இயலாது. அவ்வாறே, அண்ணாதுரையின் தமிழ்ப்பற்றைப் பாரதியாராலும் ஐயுற இயலாது. புகார் நகரத்து முரசறைவோன் வேண்டிய பட்டிமண்டப முறை இங்கு மீண்டும் உயிர் பெற்றது எனலாம்.

தெருவும் நீதிமன்றமும்

சபையில் அடங்கிய சினம் தெருவில் அடங்கவில்லை. 1953 மே 27ஆம் நாள், புத்தர் பிறந்த நாளையொட்டி, பெரியாரும் அவர்தம் தொண்டர்களும் பிள்ளையார் உருவங்களைப் பொதுவிடங்களில் உடைத்தனர். திருச்சிராப்பள்ளியில் நிகழ்ந்ததைக் குறித்து வீரபத்திரன் செட்டியார் என்பவர் இந்தியத் தண்டனைச் சட்டம் 295ஆம் பிரிவின்கீழ் முறையீடு செய்தார். உடைக்கப்பட்டது கோயிலில் வழிபடப்பட்ட சிலையன்று, மண்ணாற் செய்த பொம்மையே என்னும் அடிப்படையில் கீழ் நீதிமன்றங்களும் சென்னை உயர்நீதிமன்றமும் முறையீட்டைத் தள்ளின. 1958இல் உச்சநீதிமன்றம், ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதும் எப்பொருளும் அப்பிரிவினுள் அடங்கும் எனவும், கீழ் நீதிமன்றங்கள் சட்டத்திற்குக் குறுகிய பொருள் கொண்டன எனவும் தெளிவுறுத்தியது. ஆனால் நிகழ்ச்சி நடந்து நெடுநாள் ஆகிவிட்டமையால் மேல்விசாரணைக்கு ஆணையிடவில்லை.

இவ்வழக்கு நம் ஆய்விற்கு ஒரு கண்ணாடியாகும். உடைத்தவருக்கு அது களிமண். கண்டவருக்கோ அது தம் வீட்டில் ஆவணித் திங்களில் அருகம்புல் சாத்தி வணங்கும் உருவம். பொருள் ஒன்று, அதில் இருவர் கண்டவை வேறு. சட்டம் இறுதியில் கண்டவரின் உணர்வையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆனால் உடைத்தவரை உடைக்கத் தூண்டிய மனப்புண்ணைப் பற்றி நீதிமன்றம் ஏதும் கூற இயலவில்லை; அது அதன் பணியுமன்று. சட்டத்தால் சினத்தின் வெளிப்பாட்டை அளக்கமுடியும், வேரை அளக்கமுடியாது.

1971 ஜனவரியில் சேலத்தில் கூடிய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டின் ஊர்வலம் இன்னொரு சான்று. எதிர்ப்பாளர் கருப்புக்கொடி காட்டியதும், காலணி வீசப்பட்டதும், அதன்பின் இராமர் உருவம் அவமதிக்கப்பட்டதும் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கின. யார் முதலில் யாரை இழிவுபடுத்தினர் என்பதில் இரு தரப்பாரும் வெவ்வேறு விளக்கம் தருகின்றனர். 2020இல் அந்நிகழ்ச்சி பற்றிய பேச்சு மீண்டும் தமிழகத்தில் பூசலாயிற்று. அரை நூற்றாண்டு கடந்தும் மக்கள் நினைவில் நின்றது மாநாட்டின் கருத்தன்று, காலணியே. இழிவுபடுத்தும் செயல் கருத்தை விழுங்கிவிடும் என்பதை இதனால் அறிகிறோம்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். சினத்தைக் கடிந்து பண்பை வலியுறுத்துவது, தாழ்த்தப்பட்டோரை வாய்மூடி இருக்கச் சொல்வதற்கு ஒப்பாகாதா? நாகரிகம் என்பது வசதியுற்றோர் கேட்கும் அமைதியே அன்றோ?

இம்மறுப்பில் உண்மை உண்டு. கோயில் தெருவில் நடக்கவும் ஒருவனுக்கு உரிமையில்லாத காலத்தில், அவனிடம் மென்மொழி பேசுமாறு கேட்பது அறமாகாது. 1924இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றார். 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர், விலக்கப்பட்டிருந்த மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். ஐயர் இறைப்பற்றாளர், பெரியாரோ பின்னாளில் இறைமறுப்பாளர். இருவரும் எதிர்த்தது ஒரே கதவடைப்பையே. வெளியே எழுந்த சினம், உள்ளிருந்தோரின் மனச்சான்றைத் தட்டி எழுப்பியது என்பதை மறுப்பதற்கில்லை.

இதனினும் வன்மையான சான்று ஒன்றுண்டு. தம் வாழ்நாளின் இறுதியில் பெரியார் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகவேண்டும் என்பது. கடவுளே இல்லை என்பவர், கடவுளுக்குப் பூசை செய்யும் உரிமையைப் பிறர்க்குக் கோரியது ஏன்? இறைமறுப்பு மட்டுமே அவர் நோக்கமாயின் இக்கோரிக்கைக்குப் பொருளே இல்லை. கருவறைக்குள் நுழையத் தகாதவன் என ஒரு மனிதனைக் கூறுவது அவனது மதிப்பை மறுப்பதாகும் என்பதே அவரது வாதம். அதன் விளைவாகத் தமிழக அரசு 1970இல் பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கும் சட்டத் திருத்தத்தைக் கொணர்ந்தது. 1972இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. நெடிய தடைகளுக்குப் பின் 2021 ஆகஸ்டில், பயிற்சி பெற்ற பல்வேறு சாதியினர் 24 பேர் அர்ச்சகர்களாக அமர்த்தப்பட்டனர். அவர்கள் அனைவரும் இறைப்பற்றாளர்கள். அவர்களுக்கான கதவைத் தட்டியவர்களுள் ஓர் இறைமறுப்பாளரும் இருந்தார்.

எனவே சினம் அனைத்தும் தீது என நாம் கூறவில்லை. அநீதியின்மீது எழும் சினம் வேறு. ஆளின்மீது பாயும் இழிவு வேறு. முன்னது கதவைத் திறக்கிறது. பின்னது திறந்த கதவையும் அடைக்கிறது.

இவ்வேறுபாட்டைத் தம் நடத்தையால் உணர்த்தியவர் குன்றக்குடி அடிகளார் (1925–1995). பெரியாரின் பரப்புரைக்கு எதிராகச் சமயத்தைக் காக்க முனைந்தவர் அவர். அருள்நெறித் திருக்கூட்டத்தைத் தோற்றுவித்தவர். ஆயினும் பெரியாரைச் சந்தித்து உரையாடியபின், சாதி ஒழிப்பிலும் தமிழ்வழி வழிபாட்டிலும் அவருடைய குற்றச்சாட்டுகளுள் நியாயம் உண்டு என அவர் உணர்ந்தார். குன்றக்குடிக்குச் சென்ற பெரியார், மரபுப்படி அளிக்கப்பட்ட திருநீற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்னும் செய்தி இரு தரப்பாராலும் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அடிகளார் இறைமறுப்பாளர் ஆகவில்லை. பெரியார் சைவர் ஆகவில்லை. வீட்டாரின் மதிப்பை விருந்தினரும், விருந்தினரின் மனப்புண்ணை வீட்டாரும் ஏற்றனர். அவ்வளவே நிகழ்ந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

மலாயா, சிங்கப்பூர்த் தமிழரின் அனுபவம்

தமிழகத்தில் எழுந்த இவ்வாதம் கடல் கடந்தும் வந்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவிற்கு வந்தபோது வைதீகச் சார்புடையோர் அவர் வருகையை எதிர்த்தனர். சீர்திருத்தப் பற்றாளர் பினாங்கு முதல் சிங்கப்பூர் வரை வரவேற்றனர். ஈப்போவில் தமிழர் மாநாடு கூடியது. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. கோ. சாரங்கபாணி (1903–1974) 1935 ஜூலை 6ஆம் நாள் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார்.

சீர்திருத்தக்காரர் இங்குக் கண்டித்தவை தீமிதி, காவடி, உயிர்ப்பலி, கள்ளுண்ணல், தோட்டப்புறங்களில் நிலவிய சாதிப்பிரிவு முதலியன. ஆனால் இங்கு ஒரு வேறுபாடு இருந்தது. ரப்பர்த் தோட்டத் தொழிலாளிக்குக் கோயில் என்பது வழிபாட்டிடம் மட்டுமன்று. ஊரைப் பிரிந்து வந்தவர்க்கு அதுவே ஊர். லயத்து வீட்டின் சுவர்கூட அவனுக்குச் சொந்தமில்லாத நிலையில், அவன் தன் கையால் எழுப்பிய ஒரே கட்டடம் அக்கோயில்தான். அதனைப் பழித்தால் அவனிடம் எஞ்சியிருந்த ஒன்றையும் பழித்ததாகும். மறுபுறம், அதே தோட்டத்தில் தாழ்த்தப்பட்டவர் தனி வரிசை வீடுகளில் ஒதுக்கப்பட்டதும் உண்டு. அவர்களுக்குச் சீர்திருத்தச் சங்கத்தின் குரல் ஆறுதலாக ஒலித்தது. இரு மனப்புண்களும் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தன.

இச்சூழலை உணர்ந்து செயற்பட்டவர் சாரங்கபாணி என்பது நம் கருத்து. அவர் சுயமரியாதைக் கொள்கையில் ஊன்றியவர். ஆயினும் 1952இல் அவர் முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள், எவருடைய நம்பிக்கையையும் தாக்கவில்லை. பொங்கலையொட்டி அமைந்த அவ்விழாவில் இந்துக்கள், கிறித்துவர், இசுலாமியர், இறைமறுப்பாளர் என அனைத்துத் தமிழரும் ஒரே மேடையில் அமர இயன்றது.

இதனினும் சிறந்த சான்று இந்திய ஆய்வியல் துறையின் தோற்றமாகும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அத்துறை அமையவிருந்தபோது, அதில் முதலிடம் சமற்கிருதத்திற்கா, தமிழுக்கா என்னும் வினா எழுந்தது. தமிழுக்கே முதலிடம் வேண்டும் எனத் தமிழ் முரசு போராடியது. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. தோட்டத் தொழிலாளரும் நகரத்துக் கூலிகளும் தம்மால் இயன்றதை ஈந்தனர். 1956இல் துறை தொடங்கியது. திரட்டிய நிதி தமிழ் நூலகத்திற்குப் பயன்பட்டது. அந்நிதியில் காவடி எடுத்தவனின் வெள்ளியும் இருந்தது, காவடியை எதிர்த்தவனின் வெள்ளியும் இருந்தது. 1961இல் அத்துறையின் தலைமையை ஏற்றவரோ கத்தோலிக்கத் துறவியான தனிநாயகம் அடிகள். அவர் முயற்சியால் 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தேறியது.

கடவுளைப் பற்றிய கருத்து வேறுபாடு அந்நூலகத்தின் அடுக்குகளில் அழியவில்லை. தேவாரமும் இறைமறுப்பு நூலும் அருகருகே நின்றன. ஆனால் இரண்டையும் வாங்கிய பணம் ஒரே உண்டியலிலிருந்து வந்தது.

வகுப்பறைக்கு இதனாற் பெறப்படுவது

இவ்வரலாறு தமிழாசிரியர்க்கு இன்று ஏன் தேவை? மலேசியாவின் தேசியக் கோட்பாடு (1970) இறைவன் மீது நம்பிக்கை வைத்தலை முதற்கொள்கையாகக் கொண்டுள்ளது. சிங்கப்பூர் 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தை இயற்றியது. பல்லின, பல்சமய நாட்டில் வாழும் நாம் சமயப் பகையை வகுப்பறைக்குள் விடமுடியாது, விடவும் கூடாது. இதன் காரணமாகவே ஆசிரியர் பலரும் இவ்வரலாற்றைத் தொடாமல் கடந்துவிடுவதுண்டு. அது பாதுகாப்பான வழியாகத் தோன்றலாம். ஆனால் மாணவர் இவ்வாதத்தைச் சந்திக்காமல் இருக்கப்போவதில்லை. வகுப்பறையில் முறையோடு கேளாததை அவர்கள் வேறிடத்தில் முறையின்றிக் கேட்பார்கள்.

மேலும், இதனை விலக்கிவிட்டு நம்மால் தமிழிலக்கியம் கற்பிக்கவும் இயலாது. பாரதிதாசனை எடுத்துக்கொள்வோம். 1926இல் மயிலம் முருகன்மீது துதியமுது பாடியவரும் அவரே. பின்னர்ச் சுயமரியாதை இயக்கத்தின் பாவலராக விளங்கியவரும் அவரே. எந்தப் பாரதிதாசன் உண்மையானவர் என மாணவர் வினவினால், இருவரும் ஒருவரே என்பதும், அவரை மாற்றியது எது என்பதுமே நாம் தரவேண்டிய விடை.

இதுவரை கண்ட சான்றுகளிலிருந்து மூன்று நெறிகளைத் தொகுத்துக் கூறலாம். எதிர்த்தரப்பின் கருத்தை அத்தரப்பினரே ஒப்பும் வண்ணம் முதலில் எடுத்துரைக்க வேண்டும். இது பரபக்கம் கற்பிக்கும் நெறி. வாதத்திற்குப் பொருளும் காலமும் தலைமையும் வரையறுக்கப்பட வேண்டும். இது 1943 கற்பிக்கும் நெறி. வாதிடுவோர் வாதத்திற்கு வெளியே ஏதேனும் ஒரு பணியில் இணைந்திருத்தல் வேண்டும். இது தமிழர் திருநாளும் 'தமிழ் எங்கள் உயிர்' நிதியும் கற்பிக்கும் நெறி. இவற்றுள் மூன்றாவதே கடினமானது. பயன் மிக்கதும் அதுவே.

முடிவுரை

இறைநம்பிக்கையாளரும் இறைமறுப்பாளரும் சினங்கொண்டு மோதிய நிகழ்ச்சிகளை ஆராயும்போது, கடவுள் அங்கு வாதப்பொருளாக இருந்ததைக் காட்டிலும் மனிதனின் மதிப்பே வாதப்பொருளாக இருந்ததைக் கண்டோம். ஒருவன் சினந்தான், அவனைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தியதால். மற்றவன் சினந்தான், அவன் தாய் வணங்கியதைத் தெருவில் இழிவுபடுத்தியதால். இரண்டும் ஒரே வகையான புண். தன் புண்ணை மட்டும் காண்பவன் வசை பேசுகிறான். மற்றவன் புண்ணையும் காண்பவன் வாதம் செய்கிறான்.

புகார் நகரத்து முரசறைவோன் பகையைத் தவிர்க்குமாறு மட்டும் கூறவில்லை. ஏறி நின்று பேசப் பட்டிமண்டபத்தையும் காட்டினான். இன்று அப்பட்டிமண்டபத்தை அமைத்துத் தரும் பொறுப்பு நம் வகுப்பறைகளுக்கும் ஆய்வரங்குகளுக்கும் உண்டு. அப்பொறுப்பை நாம் தட்டிக்கழித்தால், வாதம் நின்றுவிடாது. அது சபையை விட்டுத் தெருவிற்குச் செல்லும்.